எச்சிங் அச்சோவியக் கலை: மரபு முறையும் நவீன முறையும் கற்கப்பட்ட வரலாறு

எச்சிங் என்பது உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரிக்கச் செய்து, அக்கோடுகளில் மையை நிரப்பி, ஈரத்தாளை அதன்மேல் அழுத்திப் படம் எடுக்கும் அச்சோவியக் கலையாகும். இதனைத் தமிழில் அமில அரிப்போவியம் எனலாம். ஆயினும் ஓவியர்களும் கவின்கலை மாணவர்களும் எச்சிங் என்றே வழங்குவதால் இக்கட்டுரையிலும் அச்சொல்லே ஆளப்படுகிறது.

இக்கலை ஐரோப்பாவில் சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் தோன்றியது. அது தமிழ்நாட்டுக்கு எவ்வழியே வந்தது, யார் யாரிடம் கற்றனர், இன்று கற்கும் முறை எவ்வாறு மாறியுள்ளது என்பவற்றை, ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள ஒடுகத்தூரையும் அதைச் சூழ்ந்த பழைய வட ஆற்காட்டுப் பகுதியையும் தொடக்கமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குப் புரியும் வகையில் செய்முறையும் அதற்குரிய வேதியியலும் உடன் தரப்பட்டுள்ளன.

அச்சின் மூன்று வழிகள்

எச்சிங்கைப் புரிந்துகொள்ள, அச்சின் மூன்று அடிப்படை வழிகளை முதலில் அறிய வேண்டும்.

முதலாவது புடைப்பு அச்சு. ரப்பர் முத்திரையைப் போல, மேலே எழுந்து நிற்கும் பகுதி மட்டும் மையைத் தாங்கித் தாளில் பதியும். 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ தொடங்கி, அண்மைக்காலம் வரை ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட தமிழ் நூல்கள் யாவும் இவ்வகையைச் சேர்ந்தவை.

இரண்டாவது உள்வெட்டு அச்சு. இது முதல் வகைக்கு நேர்மாறானது. பள்ளமான கோடுகளுக்குள் மை தங்கும். மேற்பரப்பில் உள்ள மை துடைத்து எடுக்கப்படும். பலத்த அழுத்தம் கொடுக்கும்போது, நனைந்த தாள் பள்ளத்துக்குள் புகுந்து மையை எடுத்துக்கொள்ளும். எச்சிங் இவ்வகையைச் சேர்ந்தது.

மூன்றாவது சமதள அச்சு. எண்ணெயும் நீரும் ஒட்டாது என்ற பண்பைக் கொண்டு வழவழப்பான கல்லிலோ தகட்டிலோ இது செய்யப்படுகிறது. இரவிவர்மாவின் ஓவியங்களை வீடுதோறும் கொண்டு சேர்த்த லித்தோ அச்சு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இன்றைய ஆப்செட் அச்சும் இதன் வழிவந்ததே.

செப்பேடும் செப்புத் தகடும்

செம்பில் கோடு இழைப்பது நம் பகுதிக்குப் புதிய வேலையன்று. ஒடுகத்தூருக்கு மேற்கே, வாணியம்பாடியை அடுத்துள்ள உதயேந்திரத்தில் கிடைத்த செப்பேடுகள் வரலாற்று மாணவர்கள் நன்கறிந்தவை. பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மனின் கொடையைக் கூறும் செப்பேடும், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் கங்கமன்னன் இரண்டாம் பிருதிவீபதி வழங்கிய கொடையைக் கூறும் செப்பேடும் அவ்வூர்ப் பெயராலேயே அழைக்கப்படுகின்றன.

செப்பேட்டை வெட்டிய கம்மியருக்கும் எச்சிங் ஓவியருக்கும் பொதுவானது செம்பு. ஆயினும் இருவருடைய வேலையும் மூன்று வகைகளில் வேறுபடுகிறது. முதலாவதாக, செப்பேட்டில் உளியே உலோகத்தை வெட்டுகிறது. எச்சிங்கில் ஊசி வழிகாட்டுவதோடு நின்றுவிடுகிறது, வெட்டுவது அமிலம். இரண்டாவதாக, செப்பேடு நேரடியாகப் படிப்பதற்கு உரியது. ஆகவே எழுத்துகள் நேராக இருக்கும். எச்சிங் தகட்டில் எழுத்தோ உருவமோ கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி இருக்க வேண்டும். அப்போதுதான் தாளில் நேராக விழும். மூன்றாவதாக, செப்பேடு ஒன்றே ஒன்று. எச்சிங் தகடு பல படிகளை எடுப்பதற்கான கருவி.

உலோகத்தில் இழைக்கும் திறமை நம்மிடம் இருந்தும், அதிலிருந்து தாளில் படி எடுக்கும் வழக்கம் இங்கு ஏற்படவில்லை. அச்சியந்திரம் ஐரோப்பியர் வருகையோடு வந்த பின்னரே அது தொடங்கியது.

அமிலத்தின் வருகை

ஐரோப்பாவில் எச்சிங் ஓவியக்கூடத்தில் பிறக்கவில்லை, ஆயுதப் பட்டறையில் பிறந்தது. வீரர்களின் இரும்புக் கவசங்களில் அலங்காரம் செய்வதற்காக, அரிக்கும் கரைசல்களைக் கொல்லர்கள் பயன்படுத்தினர். ஜெர்மனியின் ஆக்சுபர்க் நகரைச் சேர்ந்த டானியல் ஹாப்பர் என்பவர் ஏறத்தாழ 1500ஆம் ஆண்டளவில் இம்முறையைத் தாளில் அச்சிடும் தகட்டுக்குக் கொண்டுவந்தார். புகழ்பெற்ற ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1515க்கும் 1518க்கும் இடையே இரும்புத் தகடுகளில் சில எச்சிங்குகளைச் செய்தார். இரும்பில் கோடு சொரசொரப்பாக அரிபடும், தகடு எளிதில் துருப்பிடிக்கும். ஆகவே ஓவியர்கள் விரைவில் செம்புக்கு மாறினர்.

பிரான்சின் ஜாக் காலோ, இசைக்கருவி செய்வோர் பயன்படுத்திய கெட்டி வார்னிஷைத் தகட்டில் பூசி மிக நுண்ணிய கோடுகளைப் பெற்றார். அந்நுட்பங்களை ஆபிரகாம் போஸ் 1645இல் ஒரு கையேடாக எழுதி வெளியிட்டார். பட்டறைக்குள் வாய்மொழியாக இருந்த அறிவு, எவரும் படிக்கக்கூடிய நூலாக மாறியது இக்கலையின் வரலாற்றில் ஒரு திருப்பமாகும். அதே நூற்றாண்டில் ஆலந்து ஓவியர் ரெம்பிராண்ட் ஏறத்தாழ 300 எச்சிங்குகளைப் படைத்தார். ஒரே தகட்டைத் திரும்பத் திரும்பத் திருத்தி, ஒவ்வொரு நிலையிலும் படி எடுத்துப் பார்ப்பது அவர் வழக்கம்.

18ஆம் நூற்றாண்டில் அக்வாடின்ட் என்னும் முறை பரவியது. எச்சிங்கில் கோடு மட்டுமே வரும். நீர்வண்ண ஓவியம் போல் இலேசான சாம்பல் நிறம் முதல் அடர்ந்த கருமை வரை நிழல்களைத் தர இப்புதிய முறை உதவியது. ஸ்பெயின் ஓவியர் கோயா 1799இல் வெளியிட்ட 80 படங்கள் கொண்ட ‘காப்ரிச்சோஸ்’ தொகுப்பு இதன் சிறந்த சான்றாகும்.

மரபு முறையில் எச்சிங் கற்றல்

மரபு முறையில் ஒரு மாணவர் கற்கும் படிநிலைகள் பின்வருமாறு அமையும்.

முதலில் செப்புத் தகட்டின் விளிம்புகள் அரத்தால் சரிவாக இழைக்கப்படும். கூரிய விளிம்பு தாளையும் கம்பளித் துணியையும் கிழித்துவிடும் என்பதே காரணம். பின்னர் தகட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, எண்ணெய்ப் பிசுக்கு சிறிதும் இல்லாமல் கழுவ வேண்டும். தகட்டில் நீரை ஊற்றினால் அது திட்டுத்திட்டாகப் பிரியாமல் ஒரே படலமாக நிற்க வேண்டும். அதுவே தூய்மைக்கான சோதனை.

அடுத்து, தேன்மெழுகு, கரிய தார்ப்பொருள், ரோசின் என்னும் மரப்பிசின் ஆகியவற்றை உருக்கிச் செய்த பூச்சு, சூடேற்றிய தகட்டில் மெல்லிய படலமாகப் பூசப்படும். அமிலம் இப்பூச்சைத் தாண்டிச் செல்லாது. பூச்சு ஆறியபின் மாணவர் ஊசியால் அதன்மேல் வரைவார். உலோகத்தைக் கீற வேண்டியதில்லை, பூச்சு மட்டும் விலகினால் போதும். இதனால் பென்சிலால் வரைவது போன்ற கையோட்டம் கிடைக்கிறது. உளியால் செதுக்கும் முறைக்கு நெடுங்காலப் பயிற்சி வேண்டும். எச்சிங் ஓவியர்களைக் கவர்ந்ததற்கு இந்த எளிமையே முதற்காரணம்.

வரைந்த தகடு, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் இடப்படும். ஊசி திறந்த இடங்களில் மட்டும் அமிலம் உலோகத்தைக் கரைக்கும். அப்போது கோடுகளின்மேல் குமிழிகள் தோன்றும். அவை தங்கிவிட்டால் அரிப்பு சீராக இராது. எனவே ஒரு பறவை இறகால் அவற்றை மெல்ல ஒதுக்கிக்கொண்டே இருப்பர். இறகு அமிலத்தைத் தாங்கும், பூச்சையும் கீறாது.

கோட்டின் கருமை, தகடு அமிலத்தில் கிடக்கும் நேரத்தைப் பொறுத்தது. சிறிது நேரம் கழித்துத் தகட்டை எடுத்துக் கழுவி, மெல்லியதாக இருக்க வேண்டிய கோடுகளை வார்னிஷால் மூடிவிட்டு மீண்டும் அமிலத்தில் இடுவர். தொலைவில் உள்ள மலை முதலில் மூடப்படும், அருகில் உள்ள மரம் கடைசிவரை அரிபடும். இவ்வாறு காலமே தூரிகையின் வேலையைச் செய்கிறது. இந்தக் கணிப்பை எந்நூலும் முழுமையாகக் கற்றுத்தர இயலாது. வெயில், குளிர், அமிலத்தின் வயது என அனைத்தும் அதை மாற்றும். ஆசிரியரின் பக்கத்தில் நின்று பார்த்துப் பழக வேண்டிய பகுதி இதுவே.

பின்னர் பூச்சு நீக்கப்பட்டு, தகடு முழுவதும் கெட்டி மை தேய்க்கப்படும். கஞ்சி போட்ட வலைத்துணியாலும் கடைசியில் உள்ளங்கையாலும் மேற்பரப்பு துடைக்கப்படும். நனைத்து ஒற்றிய கெட்டித் தாள், அதன்மேல் கம்பளித் துணி என அடுக்கி, இரண்டு உருளைகளுக்கு இடையே செலுத்தும்போது படம் தாளுக்கு மாறும். தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய தடமும் உடன் பதியும். உண்மையான எச்சிங்கை அடையாளம் காண உதவும் குறிப்புகளுள் அதுவும் ஒன்று. படத்தின் கீழே 3/25 என எழுதியிருந்தால், எடுக்கப்பட்ட 25 படிகளில் அது மூன்றாவது எனப் பொருள்.

மலைக்கோட்டைகளைத் தேடி வந்த ஓவியர்கள்

இந்தியக் காட்சிகள் எச்சிங், அக்வாடின்ட் முறைகளில் பெருமளவில் வெளியானது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். இங்கிலாந்திலிருந்து வந்த தாமஸ் டானியலும் அவருடைய அண்ணன் மகன் வில்லியம் டானியலும் 1786 முதல் 1788 வரை கல்கத்தாவில் 12 காட்சிகளைத் தகட்டில் ஆக்கி அச்சிட்டனர். நகரில் போதிய வசதி இல்லாததால், தகடு செய்வது முதல் அச்சிடுவது வரை தாங்களே முன்நின்று செய்ய வேண்டியிருந்தது.

1792இல் அவ்விருவரும் தென்னிந்தியா வந்தனர். மைசூர்ப் போர் முடிந்து, பாரமகால் பகுதி ஆங்கிலேயர் கைக்கு மாறிய ஆண்டு அது. ஜவ்வாது மலைக்கு மேற்கே விரிந்துள்ள அப்பகுதியில் இராயக்கோட்டை, ஜெகதேவி முதலிய மலைக்கோட்டைகளை அவர்கள் வரைந்தனர். நாடு திரும்பிய பின், 1795 முதல் 1808 வரை இலண்டனில் வெளியிட்ட 144 படங்கள் கொண்ட ‘ஓரியண்டல் சீனரி’ தொகுப்பில் இக்காட்சிகளும் இடம்பெற்றன. இன்று நாம் காணும் இதே கிழக்குத் தொடர்ச்சி மலைக் குன்றுகள், செப்புத் தகடுகளின் வழியே ஐரோப்பிய வீடுகளுக்குச் சென்றன.

இப்படங்கள் வரலாற்றுச் சான்றுகள் என்பதில் ஐயமில்லை. எனினும் வென்றவர்களின் நாட்டிலிருந்து வந்தவர்கள், தம் நாட்டில் வாங்குவோருக்காக வரைந்தவை அவை என்பதையும் மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். நம் நிலம் படமாயிற்று. அப்படம் ஆக்கும் கலை நம்மவருக்குக் கற்பிக்கப்படவில்லை.

சென்னைக் கலைப்பள்ளியும் ‘பிளாக்’ தொழிலும்

அக்குறை ஓரளவு நீங்கத் தொடங்கியது 1850இல். மருத்துவரான அலெக்சாண்டர் ஹண்டர் அவ்வாண்டு சென்னையில் ஒரு கலைப்பள்ளியைத் தம் முயற்சியில் தொடங்கினார். சில ஆண்டுகளில் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. இன்று பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரி அதன் தொடர்ச்சியாகும். ஓவியத்தோடு செதுக்குவேலை, மட்பாண்டம் போன்ற கைத்தொழில்களும் அங்கே கற்பிக்கப்பட்டன. ஆயினும் அக்காலத்தில் அச்சுச் செதுக்கு என்பது நூல்களுக்குப் படம் தரும் தொழிலாகவே கருதப்பட்டது. தனிக்கலையாக அது மதிக்கப்படவில்லை.

அமில அரிப்பு தமிழ் வாசகர்களின் கைக்கு உண்மையில் வந்து சேர்ந்தது ‘பிளாக்’ என்ற பெயரில்தான். திருமண அழைப்பிதழின் பிள்ளையார் உருவம், வார இதழ்களின் கேலிச்சித்திரம், பள்ளி ஆண்டுமலரின் குழுப்படம் ஆகிய அனைத்தும் பிளாக்காகவே அச்சுக்கூடத்துக்கு வந்தன. ஓவியத்தை முதலில் புகைப்படமாக எடுத்து, ஒளியால் கெட்டியாகும் பூச்சுள்ள துத்தநாகத் தகட்டில் அதைப் பதிப்பர். பின்னர் நைட்ரிக் அமிலத்தில் இட, கோடுகள் தவிர்ந்த இடங்கள் கரைந்து பள்ளமாகும். கோடுகள் மேலே நிற்கும். அத்தகட்டைக் கட்டையில் அறைந்து ஈய எழுத்துகளோடு சேர்த்து அச்சிடுவர்.

இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கவனிக்கலாம். எச்சிங்கில் அரிபட்ட கோடு மையைப் பிடிக்கிறது. பிளாக்கில் அரிபடாமல் தப்பிய கோடு மையைப் பிடிக்கிறது. அமிலம் ஒன்றே, பயன் நேரெதிர். புகைப்படங்களைப் பல அளவுப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் ஆஃப்டோன் பிளாக்குகளும் இவ்வாறே செய்யப்பட்டன. இந்தியாவில் இத்துறையில் ஆய்வு செய்து முன்னோடியாக விளங்கியவர் கல்கத்தாவின் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி. திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராயின் பாட்டனார் இவர்.

ஆப்செட் அச்சு பரவியபோது பிளாக் தொழில் சுருங்கி மறைந்தது. நாள் முழுவதும் அமிலப் புகையில் நின்று, கோட்டின் ஆழத்தைக் கண்ணால் அளந்த தொழிலாளர்களின் திறமையும் அவர்களோடு போயிற்று. கலைக்கல்வியில் அவர்களுக்கு இடம் கிடைத்திருந்தால் தமிழ்நாட்டில் எச்சிங் வேறு விதமாக வளர்ந்திருக்கக்கூடும்.

சித்தூரிலிருந்து பாரிசுக்கு

இந்திய ஓவியர்கள் எச்சிங்கைக் கலையாகக் கற்க வெளிநாடு செல்ல வேண்டியிருந்தது. வங்காளத்தின் முகுல் தே, தாகூருடன் பயணம் சென்று, 1916இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் எச்சிங் கற்றார். அச்சோவியம் கற்க வெளிநாடு சென்ற முதல் இந்தியர் என இவர் குறிப்பிடப்படுகிறார்.

தென்னகத்திலிருந்து சென்று, கற்றதோடு நில்லாமல் உலகுக்கே ஒரு புதுமுறையைக் கற்பித்தவர் கிருஷ்ணா ரெட்டி. 1925இல் சித்தூர் மாவட்டம் நந்தனூரில் பிறந்தவர். சித்தூர் 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது என்பதால், நம் பகுதிக்கு அவர் அயலார் அல்லர். சாந்திநிகேதனில் நந்தலால் போசிடம் பயின்று, 1947 முதல் 1949 வரை சென்னை கலாசேத்திராவின் ஓவியப் பிரிவுக்குத் தலைமை வகித்தார். பின் இலண்டன் சென்று சிலேடு கலைப்பள்ளியில் பயின்றார். அதன்பின் பாரிசில் ஸ்டான்லி வில்லியம் ஹேட்டர் நடத்திய ‘அட்லியே 17’ என்னும் அச்சோவியக் கூடத்தில் சேர்ந்தார்.

ஹேட்டர் 1927இல் தொடங்கிய அக்கூடத்தில் ஆசிரியர், மாணவர் என்ற கண்டிப்பான பிரிவு இல்லை. பிக்காசோ, மீரோ போன்ற பெரும் ஓவியர்களும் புதிதாக வந்த இளைஞர்களும் அங்கே ஒரே இடத்தில் வேலை செய்தனர். ஒருவர் கண்ட நுட்பம் அனைவருக்கும் உரியது. தொழில் இரகசியம் என்று எதையும் மறைக்காத அச்சூழலில்தான், பலருடைய சோதனைகளின் பயனாக, ‘விஸ்காசிட்டி’ முறை எனப்படும் பாகுநிலை வண்ண அச்சு உருவானது. இதில் கிருஷ்ணா ரெட்டியுடன் மும்பையைச் சேர்ந்த கைகோ மோட்டிக்கும் முக்கியப் பங்குண்டு.

அதற்குமுன் பல வண்ண எச்சிங் எடுக்க, பெரும்பாலும் வண்ணத்துக்கு ஒரு தகடு என்று தனித்தனியே செய்ய வேண்டும். புதுமுறையில் ஒரே தகடு போதும். தகட்டை அமிலத்தாலும் கருவிகளாலும் மேடு, பள்ளம் எனப் பல மட்டங்களாக ஆக்குவர். முதலில் எண்ணெய் மிகுந்த இளகிய மையைக் கெட்டியான உருளையால் உருட்டுவர். அது மேல்மட்டத்தில் மட்டும் படியும். அடுத்து எண்ணெய் குறைந்த கெட்டி மையை மிருதுவான உருளையால் உருட்டுவர். அவ்வுருளை அழுந்திப் பள்ளத்தைத் தொடும். மேல்மட்டத்தில் உள்ள எண்ணெய்ப் பசை கெட்டி மையை ஏற்காது. ஆகவே வண்ணங்கள் குழம்பாமல் அடுத்தடுத்து நிற்கும். ஒரே முறை அழுத்தினால் எல்லா வண்ணங்களும் தாளில் வந்துவிடும்.

சிற்பியாகவும் பயிற்சி பெற்றிருந்த கிருஷ்ணா ரெட்டி, தகட்டை ஒரு புடைப்புச் சிற்பமாகவே கருதினார். அலை, நீர்ச்சுழல், விதை என இயற்கையின் வடிவங்கள் அவர் படங்களில் இடம்பெற்றன. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1976இல் நியூயார்க் சென்று பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். தம் முறையை முழுமையாக விளக்கும் நூலை 1988இல் வெளியிட்டார். 2018இல் காலமானார். உலகின் பல நாடுகளில் பயிலரங்குகள் நடத்தி, தாம் கண்டதை ஒளிக்காமல் கற்றுக்கொடுத்ததே அவரது பெருமைக்குரிய பணியாகும்.

சென்னையில் பொதுக்கூடம்

எச்சிங் கற்பதில் பெருந்தடையாக இருப்பது உருளை அச்சியந்திரம். அது கனமானது, விலை மிகுந்தது. ஓவியர் ஒவ்வொருவரும் சொந்தமாக வைத்திருக்க இயலாது. ஆகவே பொதுக்கூடம் இன்றியமையாதது. மத்திய அரசின் லலித்கலா அகாதெமி 1978இல் சென்னை கிரீம்ஸ் சாலையில் மண்டல மையத்தை நிறுவியபோது, அச்சோவியத்துக்கான கூடத்தையும் அங்கே அமைத்தது. கல்லூரிப் படிப்பை முடித்த இளம் ஓவியர்கள் தொடர்ந்து வேலை செய்ய அது வாய்ப்பளித்தது.

தமிழக அச்சோவியர்களுள் குறிப்பிடத்தக்கவர் 1957இல் தேவகோட்டையில் பிறந்த ஆர். எம். பழனியப்பன். சென்னைக் கலைக்கல்லூரியில் பயின்ற இவர், பின்னர் அமெரிக்காவின் டாமரிண்ட் நிறுவனத்தில் லித்தோ அச்சுப் பயிற்சி பெற்றார். பறத்தல், வெளி, காலம் ஆகியவற்றை ஆராயும் இவரது படங்கள் அச்சோவியம் வெறும் படியெடுப்பு அன்று, தனித்த சிந்தனைமுறை என்பதைக் காட்டுகின்றன. லலித்கலா அகாதெமி சென்னை மையத்தின் செயலாளராகவும் இவர் பணியாற்றினார்.

நவீன முறைகள்: அமிலமும் ஆற்றுநீரும்

மரபு முறையின் அழகைப் பேசும்போது அதன் தீங்கையும் பேச வேண்டும். நைட்ரிக் அமிலம் செம்பை அரிக்கும்போது எழும் செம்பழுப்புப் புகை நைட்ரசன் டை ஆக்சைடு ஆகும். அது நுரையீரலைத் தாக்கும். பூச்சைக் கரைக்கப் பயன்படும் மண்ணெண்ணெய், டர்பன்டைன், தின்னர் ஆகியவற்றின் ஆவியும் தீயது. அக்வாடின்டுக்குத் தூவும் ரோசின் தூள் மூச்சில் புகும், மூடிய பெட்டியில் தீப்பற்றவும் கூடும். ஒளிப்பூச்சுகளில் நெடுங்காலம் பயன்பட்ட பொட்டாசியம் டைகுரோமேட்டு, நச்சுத்தன்மை மிகுந்த குரோமியச் சேர்மம்.

குரோமியம் என்ற சொல்லை வேலூர்ப் பகுதி மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒடுகத்தூர் வழியே ஓடும் உத்திரகாவிரி ஜவ்வாது மலையில் தோன்றிப் பாலாற்றில் கலக்கிறது. அப்பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரைத் தோல் பதனிடும் கழிவு கெடுத்தது பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்துபவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும், தீங்கு உறுதியாகும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்னும் இரு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என அத்தீர்ப்பு கூறியது. தொழிற்சாலையோடு ஒப்பிட்டால் எச்சிங் கூடத்தின் கழிவு மிகச் சிறிது. ஆனால் கற்றுக்கொடுக்க வேண்டிய ஒழுங்கு ஒன்றே. தகடு முடிந்ததும் கரைசல் எங்கே போகிறது என்று கேட்காதவர் எச்சிங்கைப் பாதியளவே கற்றவர் ஆவார்.

1980களிலிருந்து பல நாடுகளில் ஓவியர்கள் தீங்கு குறைந்த முறைகளைத் தேடினர். அவற்றுள் முக்கியமானவை வருமாறு.

ஃபெரிக் குளோரைடு முறை: செம்பை அரிக்க நைட்ரிக் அமிலத்துக்கு மாற்றாக இது பயன்படுகிறது. பாலிடெக்னிக் மாணவர்கள் மின்சுற்றுப் பலகை செய்யப் பயன்படுத்துவதும் இதே கரைசல்தான். இதில் செம்பழுப்புப் புகை எழுவதில்லை, கோடும் கூர்மையாக அரிபடும். ஆனால் கோடுகளில் வண்டல் படிந்து அரிப்பைத் தடுக்கும். 1997இல் ஃபிரீட்ஹார்ட் கீக்கபென் என்பவர் இத்துடன் எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலத்தைச் சேர்த்து அக்குறையைப் போக்கினார். எடின்பரோ எச் என அம்முறை பெயர் பெற்றது.

மயில்துத்தக் கரைசல் முறை: துத்தநாகத் தகட்டை அரிக்க மயில்துத்தம், உப்பு ஆகியவற்றின் கரைசல் போதுமானது. பள்ளி வேதியியலில் படிக்கும் இடப்பெயர்ச்சி வினையே இங்கு நிகழ்கிறது. துத்தநாகம் செம்பைவிட வினைத்திறன் மிக்கது. ஆகவே அது கரைசலுக்குள் செல்ல, செம்பு செந்நிறத் துகளாக வெளியே படிகிறது. கரைசலின் நீலநிறம் வெளுப்பதைக் கண்டே அதன் வலிமை குறைவதை அறியலாம்.

அக்ரிலிக் பூச்சுகள்: தார், மெழுகு ஆகியவற்றுக்கு மாற்றாக நீரில் கலக்கும் அக்ரிலிக் பூச்சு பயன்படுகிறது. அக்வாடின்டுக்கும் ரோசின் தூளுக்கு மாற்றாக இதையே நுண்துளிகளாகத் தெளிக்கலாம்.

ஒளிபாலிமர் தகடுகள்: புறஊதா ஒளி பட்ட இடம் கெட்டியாகி, படாத இடம் வெறும் நீரில் கரையும் தகடுகள் இவை. அமிலம் தேவையில்லை. புகைப்படத்தையும் இவ்வழியே உள்வெட்டு அச்சாக்கலாம்.

இவற்றைத் தீங்கற்றவை என்று சொல்வது தவறு, தீங்கு குறைந்தவை என்பதே சரி. ஃபெரிக் குளோரைடு கண்ணையும் தோலையும் அரிக்கும். கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் கட்டாயம். மயில்துத்தமும் அரிப்பில் கரைந்த செம்பும் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. பயன்படுத்திய கரைசலைச் சலவைச் சோடாவால் நடுநிலையாக்கி, படியும் மண்டியைத் தனியே பிரித்து, அபாயக் கழிவாக ஒப்படைக்க வேண்டும். கால்வாயிலோ மண்ணிலோ கொட்டக்கூடாது. அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது அமிலத்தையே நீரில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும் என்ற பள்ளிப் பாடமும் இங்கே உயிர்காக்கும் விதியாகும்.

சிற்றூர் வகுப்பறையில் தொடங்குதல்

எச்சிங்கின் முதற்படியை அமிலமே இல்லாமலும் கற்கலாம். டிரைபாயின்ட் எனப்படும் உலர் ஊசி முறையில், தகட்டில் ஊசியால் நேரடியாகக் கீறுவர். கீறும்போது கோட்டின் ஓரத்தில் எழும் பிசிறும் மையைப் பிடிப்பதால் கோடு மிருதுவாக, பட்டுப்போல் விழும். செம்புக்கு மாற்றாக மெல்லிய பிளாஸ்டிக் தகட்டையோ, பழச்சாறு வரும் அட்டைப்பெட்டியின் பளபளப்பான உட்புறத்தையோ பயன்படுத்தலாம். தட்டையாக விரித்த பெட்டியில் ஊசியால் வரைந்து, மை தேய்த்துத் துடைத்து, நனைத்த தாளை வைத்துக் கரண்டியின் பின்புறத்தால் அழுந்தத் தேய்த்தால், உருளை இயந்திரம் தரும் தெளிவு இல்லாவிடினும் படம் வரும்.

இடவலம் மாறுதல், பள்ளத்தில் மை தங்குதல், துடைப்பின் அளவு, தாளின் ஈரம், அழுத்தம் ஆகிய ஐந்தையும் ஒரு மாணவர் இவ்வளவில் புரிந்துகொள்வார். தம் பெயரை நேராக எழுதி, அது தாளில் இடவலம் மாறி வந்ததைப் பார்க்கும் மாணவர் அப்பாடத்தை மறக்கமாட்டார். அமிலத்தைக் கையாளுதல், பல வண்ண அச்சு முதலியவற்றை அதன்பின் கல்லூரியிலோ பொதுக்கூடத்திலோ பயிற்சி பெற்றவரின் நேரடிக் கண்காணிப்பில் கற்பதே முறை.

முடிவுரை

கவசம் செய்த கொல்லரிடமிருந்து ஓவியருக்கும், ஓவியரிடமிருந்து நூலுக்கும், நூலிலிருந்து பள்ளிக்கும் என எச்சிங் கலை கைமாறி வந்துள்ளது. அறிவு பகிரப்பட்டபோதெல்லாம் அது வளர்ந்தது. போஸின் கையேடும் கிருஷ்ணா ரெட்டியின் பயிலரங்குகளும் இதற்குச் சான்று. பகிரப்படாதபோது அது அழிந்தது. நம் ஊர்ப் பிளாக் தொழிலாளர்களின் திறமை அதற்குச் சான்று.

மரபு முறை, நவீன முறை என்னும் பிரிவு கரைசலிலும் பூச்சிலும் உள்ளதே தவிர, கோட்டில் இல்லை. வரைந்துவிட்டுக் காத்திருக்கும் பொறுமை இரண்டுக்கும் பொது. நவீன முறைகளால் விளைந்த பெரிய நன்மை, அபாயம் குறைந்ததால் இக்கலையை மேலும் பலருக்குக் கற்பிக்க இயல்வதே. உதயேந்திரத்துச் செப்பேட்டை வெட்டிய கைகள் இருந்த இப்பகுதியில், மலையடிவாரப் பள்ளி மாணவர் ஒருவர் ஜவ்வாது மலையைத் தாமே தகட்டில் வரைந்து முதல் படியை எடுக்கும் நாளில், டானியல்கள் வரைந்து சென்ற காட்சிகளின் வரிசையில் நம்மவர் வரைந்த காட்சியும் சேரும்.